எட்டு மூச்சு

முக்காலியை இப்போது இல்ஹாம் தூக்குகிறார்.
த்ரீவீலரை மட்டக்குளியில் மரத்தடியில் விட்டு
மீற்றரையும் நிறுத்திவிட்டார்:
"வெயிட்டிங்குக்குக் காசு வாணாம் மிஸ்,
நானுந்தானே ஆத்தப் பாக்குறேன்."
பெட்டியை மட்டும் நான் கொடுப்பதில்லை.
ஏழு கிலோ.
ஒரு லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்ததில்
ஆறரை.

களனி கங்கை கடலில் விழும் இடம்,
ஐந்தே முக்கால்.
கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கிறேன்.
கண்ணாடியில் ஆறு தலைகீழ்,
வானத்துக்கு மேலே மணல்திட்டு,
கொக்குகள் கால்களால் தொங்குகின்றன.
முப்பத்தொரு வருஷம் பார்த்தும்
ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் திடுக்கிடல்.

ஒருமுறை கடற்படைப் பையன் ஒருவன்
அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு
துணிக்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.
பார் என்று விட்டேன்.
உள்ளேயிருந்து குரல் வந்தது:
தலைகீழாக இருக்கிறதே, பழுதா?
இல்லை, அப்படித்தான்.
அட்டையைத் திருப்பித் தந்தான்,
ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

முன்பெல்லாம் முழங்காலில் நின்று எடுப்பேன்.
ஈரமண், தாழ்ந்த கமரா,
ஒரு கல் பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும்.
இப்போது குந்தினால் எழும்ப ஆள் வேண்டும்.
ஆகவே முக்காலியின் கால்கள் நீண்டன,
கமரா என் நெஞ்சுக்கு வந்தது,
கல் சுருங்கிற்று.
கல்லுக்கும் அக்கரைக்கும் நடுவில்
இவ்வளவு தண்ணீர் கிடந்ததென்று
அப்போதுதான் கண்டேன்.
முழங்கால் வாங்கித் தந்த தண்ணீர்.

கண் ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு வில்லை மாற்றினார்கள்.
அதில் கடல் நீலம்; இடதில் தேயிலைச் சாயம்.
எது சரி என்று டொக்டரிடம் கேட்டேன்,
மற்றதையும் செய்வோம் என்றார்.
என் பிலிம் கறுப்பு வெள்ளை,
இந்த வழக்கே அதற்குத் தெரியாது.

மூச்சு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.
நான் மணிக்கூடு பார்த்து எடுப்பவள் அல்ல.
விடியலுக்கு எட்டு மூச்சு, மப்புக்குப் பன்னிரண்டு,
ஒரு மூச்சு ஐந்து விநாடி.
போன மாரியில் நாலு படம் தொடர்ந்து மெலிந்து வந்தன,
நிழல்களுக்குள் ஒன்றுமில்லை.
மருந்துக் கரைசலைச் சந்தேகித்தேன்.
ஷட்டரைக் கழற்றிப் பூட்டினேன்.
பிலிம் பெட்டியின் காலாவதித் திகதியைத் திட்டினேன்.
பிறகு ஓர் இரவு, கரண்ட் இல்லை,
கட்டிலில் கிடந்து கைபேசியோடு எண்ணிப் பார்த்தேன்:
எட்டு மூச்சு,
இருபத்துநாலு விநாடி.
ஈசிஜி சொல்லாததை
ஒரு தாள் பிலிம் சொல்லியிருக்கிறது.

இப்போது விடியலுக்குப் பதின்மூன்று.

பிரிட்ஜில் பாரைத் துண்டுகளுக்குப் பக்கத்தில்
இரண்டு பெட்டி, ஐம்பது தாள்.
மாதம் இரண்டு என்றால் என்று தொடங்கி
கணக்கைப் பாதியில் விட்டு
மீனைக் கழுவப் போனேன்.

ஷட்டரைத் திறக்கிறேன்.
ஒன்று. இரண்டு.
காகங்கள் குறுக்கே போகின்றன, பரவாயில்லை,
நகர்வது எதுவும் படத்தில் தங்காது.
நாலு.
ஒரு தோணி வருகிறது. அதுவும் போய்விடும்.
ஐந்து.
போகவில்லை.
தோணிக்காரர் நங்கூரக் கல்லை இறக்கிவிட்டு
பீடிக்குத் தீப்பெட்டி தேடுகிறார்,
சரியாக நான் வாங்கிவைத்த தண்ணீரின் நடுவில்.
ஏழு.
இல்ஹாம் கரையில் நின்று
போ, போ என்று கையசைக்கிறார்.
விடுங்கள், இருக்கட்டும் என்று சொல்ல
வாய் வருகிறது,
பேசினால் மூச்சு கெடும்,
கணக்குக் கெடும்.
பத்து.
தோணிக்காரர் அதை வணக்கமென்று எடுத்து
தானும் கையை உயர்த்தி ஆட்டுகிறார்.
அந்தக் கை படத்தில் இராது.
ஆள் இருப்பார்.
பதின்மூன்று.

"புடிபட்டுச்சா மிஸ்?"
கழுவினால்தான் தெரியும் என்கிறேன்,
மூச்சு வாங்க.
அதற்குள் முக்காலியின் ஒரு காலை
மடக்கத் தொடங்கிவிட்டார்.
பொறுங்கோ இல்ஹாம்,
மறுபக்கத்தில் இன்னொரு தாள் இருக்கு.